மலையேறும் மின்சார வண்டி: எங்கே பொருந்தும்? எங்கே பொருந்தாது?

(தொலைக்காட்சி அரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நகரத்துச் சாலைகளில் மின்சாரக் கார்கள் ஓடுவது இன்று யாருக்கும் அதிசயமாகத் தெரிவதில்லை. மேடு பள்ளம், சேறு, ஆற்று நீர், காட்டுப்பாதை என்று வந்துவிட்டால் அந்த வண்டி என்ன செய்யும்? பல நாள் நீளும் தொலைதூரப் பயணத்துக்கு அதை நம்பிப் புறப்படலாமா? இந்தக் கேள்விகளைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

இதை ஆராய்வதற்கு நம் நாட்டில் கேமரன் மலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. காட்டை அழித்து, சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து கிள்ளி, மூட்டை சுமந்து அந்த மலையைப் பச்சையாக்கியதில் நம் தமிழ்ப் பாட்டாளிகளின் பங்கு பெரிது. பிற்காலத்தில் அவர்கள் தோளிலிருந்த சுமையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது லேண்ட்ரோவர் என்னும் இரும்புக் கழுதை. 1948இல் பிரிட்டனில் பிறந்த அந்த வண்டியின் பழைய மாடல்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் கேமரன் மலையில் ஓடுகின்றன. முட்டைக்கோசும் தக்காளியும் தோட்டத்திலிருந்து சாலைக்கு வருவது பெரும்பாலும் அவற்றின் முதுகில்தான். பிரிஞ்சாங் மலை உச்சியின் பாசிக் காட்டைப் பார்க்க வரும் சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்வதும் அவைதான்.

ஆகவே, சாகச வாகனம் என்று வெளிநாட்டு விளம்பரங்கள் சொல்வது கேமரன் மலைவாசிக்கு அன்றாடப் பிழைப்பு. இந்த வண்டிகளின் இடத்தில் மின்சார வண்டி வந்தால் அவருடைய வாழ்க்கை எளிதாகுமா, கடினமாகுமா என்பதே நமக்கு முக்கியம்.

ஏற்றத்தில் மின்மோட்டாரின் பலம்

முதலில் மின்மோட்டாரின் பலத்தைப் பார்ப்போம். டீசல் எஞ்சினானாலும் பெட்ரோல் எஞ்சினானாலும் ஓரளவு வேகமாகச் சுழன்றால்தான் முழு இழுவிசை கிடைக்கும். அதனால்தான் செங்குத்தான ஏற்றத்தில் கிளட்சை மிதித்து, கியரைக் குறைத்து, எஞ்சினை உறும விடுகிறோம். மின்மோட்டாருக்கு இந்தச் சிரமம் இல்லை. நின்ற இடத்திலிருந்தே அது முழு இழுவிசையைக் கொடுக்கும். வழுக்கும் மண்ணில், நடக்கும் வேகத்தில், அங்குலம் அங்குலமாக ஏற வேண்டியபோது இதைவிட ஏற்ற குணம் வேறு இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார் வைத்தால், எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதன் விசையை மட்டும் நொடிப்பொழுதில் குறைக்கலாம்.

லேண்ட்ரோவர் நிறுவனமே 2013ஆம் ஆண்டு ஜெனீவா கார் கண்காட்சியில் ஏழு மின்சார டிஃபெண்டர்களை ஆய்வு வாகனங்களாகக் காட்டியது. இங்கிலாந்தின் ஈடன் புராஜெக்ட் தாவரப் பூங்காவில் அவற்றில் ஒன்று 12 டன் எடையுள்ள பயணிகள் தொடர்வண்டியை மேட்டில் இழுத்து ஏறியது. இழுவையில் அது தோற்கவில்லை. ஆனால் அதன் பேட்டரி 27 யூனிட் மின்சாரத்தை மட்டுமே தாங்கும். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் சுமார் 80 கிலோமீட்டர்தான் ஓடும். யூனிட் என்று நான் சொல்வது உங்கள் வீட்டு மின்கட்டணப் பில்லில் வரும் அதே யூனிட்தான். பொறியாளர்கள் அதைக் கிலோவாட் மணி என்பார்கள்.

மின்சார வண்டியின் பலமும் பலவீனமும் இந்த ஒரு சோதனையிலேயே தெரிந்துவிட்டன. பலம் மோட்டாரில் இருக்கிறது. பலவீனம் பேட்டரியில் இருக்கிறது.

தாப்பா சாலையில் ஒரு கணக்கு

மலை ஏறினால் பேட்டரி காலியாகிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் பழைய மலைச்சாலை 1931இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் நாம் ஏற வேண்டிய உயரம் கிட்டத்தட்ட 1,400 மீட்டர். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து வண்டியின் எடை இரண்டரை டன் என்று வைத்துக்கொள்வோம். அதை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஒன்பதரை யூனிட் வேண்டும். சக்கர உராய்வு, காற்றின் தடை, மோட்டாரில் ஏற்படும் இழப்பு எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 18 யூனிட் செலவாகும். கோலாலம்பூரிலிருந்து தாப்பா வரையிலான 150 கிலோமீட்டருக்கு 30 யூனிட். ஆக மொத்தம் 48 யூனிட். இன்று விற்பனையில் உள்ள பெரிய மின்சாரக் கார்களில் 70, 80 யூனிட் பேட்டரி சாதாரணமாகிவிட்டது. எனவே இடையில் நிற்காமலே மேலே போய்ச் சேரலாம்.

இறங்கும்போது நடப்பது இன்னும் சுவையானது. டீசல் வண்டி இறங்கும்போது, ஏறிச் சேர்த்த சக்தியில் ஒரு பகுதி பிரேக்கில் சூடாகி வீணாகிறது. பிரேக் சூடாகி நாற்றமடிப்பதைத் தாப்பா சாலையில் இறங்கிய ஓட்டுநர்கள் அறிவார்கள். மின்சார வண்டியில் மோட்டாரே பிரேக்காக மாறி, மின்சாரத்தை உற்பத்தி செய்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நம் கணக்குப்படி, தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு நிதானமாக இறங்கினால் மொத்தத்தில் செலவு ஒன்றும் இருக்காது. ஓரிரு யூனிட் மிச்சம் வரலாம்.

சேறும் தண்ணீரும்

மின்சாரமும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் சிறுவயதிலிருந்தே படித்திருக்கிறோம். ஆகவே ஆற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்று நேயர்கள் கேட்பது நியாயம்.

பழைய பெட்ரோல் லேண்ட்ரோவரின் எஞ்சினுக்குள் காற்று போக வேண்டும். தீப்பொறி எழ வேண்டும். தண்ணீர் உள்ளே புகுந்தால் வண்டி நின்றுவிடும். மின்மோட்டார் மூச்சு விடுவதில்லை. மோட்டாரும் பேட்டரியும் இறுக மூடி முத்திரையிடப்பட்டவை. அமெரிக்காவின் ரிவியன் நிறுவனம் 2021இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சாரப் பிக்கப் வண்டி ஒரு மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள நீரைக் கடக்கும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. மெர்சிடிஸ் நிறுவனம் 2024இல் தன் புகழ்பெற்ற ஜி வகை ஜீப்பை நான்கு மோட்டார்களுடன் மின்சார வண்டியாக வெளியிட்டது. அதன் பெட்ரோல் வண்டி 70 சென்டிமீட்டர் நீரைக் கடக்கும் என்றால், மின்சார வண்டி 85 சென்டிமீட்டரைக் கடக்கிறது.

ஆனால் அதே வண்டி மூன்று டன்னுக்கும் அதிகமான எடை கொண்டது என்பதையும் மறக்கக் கூடாது. கனமான வண்டி இளகிய மண்ணில் ஆழமாகப் புதையும். புதைந்தால் வெளியே இழுப்பதும் கடினம். பேட்டரி தரைக்கு அருகில், வண்டியின் அடிவயிற்றில் படுத்திருக்கிறது. கூரிய பாறை அதைக் குத்திவிட்டால், மேல்தகடு நசுங்கியதைப் போலச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய முடியாது. வெள்ளத்தில் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடந்த மின்சார வண்டியை முறையாகச் சோதிக்காமல் ஓட்டுவதோ சார்ஜ் ஏற்றுவதோ ஆபத்து. ஆற்றைக் கடப்பது வேறு, வெள்ளத்தில் மூழ்குவது வேறு.

இருபது லிட்டர் டின்னுக்குள் இருக்கும் சக்தி

இனித் தொலைதூரப் பயணத்துக்கு வருவோம்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் வெப்ப சக்தி அடங்கியிருக்கிறது. எஞ்சின் அதில் 30 விழுக்காட்டைத்தான் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும். மீதி புகையாகவும் சூடாகவும் போகும். அப்படியிருந்தும், 20 லிட்டர் டின் ஒன்றில் நமக்குப் பயன்படும் 60 யூனிட் கிடைக்கிறது. அந்த டின்னை ஒருவர் ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அதே 60 யூனிட்டைத் தரும் பேட்டரி 350 கிலோவுக்குக் குறையாது. ஒருவரும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போக முடியாது.

நம் நாட்டில் 1997இல் தொடங்கிய மழைக்காடு சவால் என்னும் நான்கு சக்கர வாகனப் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக் கடைசியில், மழை கொட்டும் காலத்தில், நாள் கணக்கில் சேற்றில் உழலும் போட்டி அது. சேற்றில் ஒரு கிலோமீட்டர் ஓட்ட, நல்ல சாலையில் ஓடுவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு சக்தி செலவாகலாம். டீசல் தீர்ந்தால் கூடாரத்துக்கு இன்னொரு டின் வந்து சேரும். பேட்டரி தீர்ந்தால் காட்டுக்குள் எந்த மரத்தில் பிளக் மாட்டுவது?

அப்படியானால் மின்சார வண்டியில் உலகம் சுற்றியவர்களே இல்லையா? இருக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த வீபே வாக்கர் என்பவர் 2016இல் மின்சாரக் காரில் புறப்பட்டு, 33 நாடுகளைக் கடந்து, 95,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, 2019இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடைந்தார். வழியில் முன்பின் தெரியாத மனிதர்கள் கொடுத்த மின்சாரமும் சோறும் படுக்கையும்தான் அவரைக் கொண்டு சேர்த்தன. மூன்று ஆண்டுகள் பிடித்தன. நடிகர் இவான் மெக்கிரிகரும் அவர் நண்பர் சார்லி பூர்மனும் 2019இல் தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை மின்சார மோட்டார் சைக்கிளில் சென்றார்கள். அவர்களுக்காகப் பாதையில் முன்கூட்டியே சார்ஜர்கள் பொருத்தப்பட்டன. பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ், ஜூலி ராம்சே தம்பதியர் 2023இல் வட காந்தத் துருவத்தின் பழைய இருப்பிடத்திலிருந்து தென் துருவம் வரை மின்சாரக் காரில் சென்று காட்டினார்கள். பனிப் பிரதேசத்தில் துணை வாகனங்கள் உடன் சென்றன.

இவையெல்லாம் பாராட்டத்தக்க சாதனைகள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒருவருக்குக் காலம் தாராளமாக இருந்தது. மற்றவர்களுக்கு ஆட்பலமும் பொருட்பலமும் இருந்தன. ஐந்து நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுடன் புறப்படும் குடும்பத்தலைவருக்கு இரண்டும் இல்லை.

2024ஆம் ஆண்டு டக்கார் பாலைவனப் பந்தயத்தில் கார்லோஸ் சைன்ஸ் ஓட்டி வென்ற ஆவ்டி வண்டி இதற்கு ஒரு பாடம். அதன் சக்கரங்களைச் சுழற்றியவை மின்மோட்டார்கள். ஓடும்போதே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற, உள்ளே ஓர் எஞ்சினும் இருந்தது. பாலைவனத்தில் மோட்டாரை நம்பினார்கள். பேட்டரியை மட்டும் நம்பிப் போகவில்லை.

பழுது பார்ப்பது யார்?

மலைவாசிகள் பழைய லேண்ட்ரோவரை விடாமல் வைத்திருப்பதற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. அலுமினிய உடம்பு எளிதில் துருப்பிடிப்பதில்லை. நாலு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் இருந்தால் பாதி வேலையை ஓட்டுநரே பார்த்துக்கொள்வார். மீதியைப் பட்டறைக்காரர் பார்ப்பார். அப்பா வைத்திருந்த வண்டியை மகன் ஓட்டுகிறார்.

மின்சார வண்டியில் எண்ணெய் மாற்றும் வேலை இல்லை, கிளட்ச் தேய்வதில்லை, பழுதாகும் பாகங்கள் குறைவு. இது உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடும் கம்பிகளில் பயிற்சி இல்லாதவர் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. பேட்டரியோ கட்டுப்பாட்டுக் கருவியோ கெட்டால் வண்டியை மலையிலிருந்து இறக்கி நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அத்தனை நாளும் அறுவடை செய்த காய்கறி காத்திருக்குமா? எனவே வண்டிக்கு முன்னால் மலைக்குப் போக வேண்டியவர் பயிற்சி பெற்ற மெக்கானிக். நம் இளைஞர்கள் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டால் அவர்களுக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்பதையும் பெற்றோர்களுக்குச் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

மலையில் பிறக்கும் மின்சாரம்

கேமரன் மலைக்கும் மின்சாரத்துக்கும் பழைய உறவு உண்டு. ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையும் அதைச் சார்ந்த நீர்மின் திட்டமும் 1960களின் தொடக்கத்தில் உருவாயின. அந்த நீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியாக 500 மீட்டருக்கு மேல் கீழிறங்கி, பூமிக்கடியில் உள்ள ஜோர் மின்நிலையத்தில் 100 மெகாவாட் வரை மின்சாரம் தருகிறது. ஹாபுவில் ஒரு சிறு மின்நிலையமும் இருக்கிறது. மலை ஏறிய வண்டி இறங்கும்போது மின்சாரம் தருவதும், மலை நீர் இறங்கும்போது மின்சாரம் தருவதும் ஒரே தத்துவம்தான்.

அதற்காக, கேமரனில் சார்ஜ் ஏற்றும் வண்டி சுத்தமான நீர்மின்சாரத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிட முடியாது. அந்த மின்சாரம் தேசிய மின்கட்டமைப்பில் கலக்கிறது. அந்தக் கட்டமைப்பில் நிலக்கரியும் எரிவாயுவும்தான் பெரும்பங்கு. ஆனாலும் பாசிக் காட்டில் வண்டிப் புகை கக்காது என்பது அந்தக் காட்டுக்கு நேரடி நன்மை.

இன்னொரு பக்கமும் உண்டு. கேமரனில் மழைக்காலத்தில் மண்சரிவு புதிதல்ல. 2011இல் சுங்கை ருயில் பூர்வக்குடியினர் கிராமத்தில் மண்சரிவு ஏழு உயிர்களைப் பறித்தது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் தவித்தது. சாலையும் மின்சாரமும் சேர்ந்து துண்டிக்கப்படும் நாளில், நோயாளியை ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும். பேட்டரி நிறைந்திருந்தால் மின்சார வண்டியே வீட்டுக்கு விளக்கும் குளிர்பெட்டியும் இயக்கும். வெளிக்கருவிகளுக்கு மின்சாரம் தரும் வசதி இப்போது பல கார்களில் இருக்கிறது. பேட்டரி காலியாக இருந்தால் அது வாசலில் நிற்கும் வெறும் பெட்டி. எனவே ஒரு கிராமத்தின் எல்லா வண்டிகளையும் ஒரே நேரத்தில் மின்சாரத்துக்கு மாற்றுவது அறிவுடைமை ஆகாது.

எங்கே பொருந்தும்?

இதுவரை சொன்னதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. இரவில் வீடு திரும்பும் வண்டிக்கு மின்சாரம் பொருந்தும். எங்கே தங்கும் என்று தெரியாத வண்டிக்கு அது இன்னும் பொருந்தவில்லை.

ஆஸ்திரேலியாவில் பிஎச்பி சுரங்க நிறுவனமும் டொயோட்டாவும் 2021இல் மின்சார லேண்ட்குரூசரைச் சுரங்கப் பணியில் சோதித்தன. சுரங்க வண்டி எவ்வளவு கரடுமுரடான பாதையில் ஓடினாலும், வேலை முடிந்ததும் ஒரே இடத்துக்குத் திரும்புகிறது. இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி இசை விழா நடக்கும் வொர்த்தி பண்ணையில், பழைய டிஃபெண்டர் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டார் பொருத்தி, பண்ணை வேலைக்கு ஓட்டுகிறார்கள்.

கேமரனில் தேயிலைத் தோட்டத்து வண்டியும், பாசிக் காட்டுக்குச் சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டியும் இதே வகைதான். தானா ராத்தாவிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பிரிஞ்சாங் உச்சிக்குப் போய்த் திரும்பினால் தூரம் குறைவு, ஏற்றம் அதிகம், வேகம் குறைவு. ஏறச் செலவழித்ததில் ஒரு பகுதி இறங்கும்போது திரும்பி வரும். இரவு முழுவதும் வண்டி கொட்டகையில் நிற்கும். மின்சாரத்துக்காகவே அமைந்த வேலை இது.

செலவையும் பார்க்க வேண்டும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு ஒரே நாளில் உயர்ந்தது. தகுதி பெற்றவர்களுக்கு அரசு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவித்தாலும், எரிபொருள் விலை தன் கையில் இல்லை என்பதைச் சிறு விவசாயி அன்று உணர்ந்தார். ஆனால் மின்சார நான்கு சக்கர வாகனத்தின் விலை அவர் கைக்கு இன்னும் எட்டவில்லை. இந்த இடைவெளியை விளம்பரத்தால் நிரப்ப முடியாது. கூட்டுறவுச் சங்கமோ, தோட்ட நிர்வாகமோ, சுற்றுலா நடத்துநர்களோ முதலில் சில வண்டிகளை வாங்கி ஓட்டிப் பார்த்து, வரவு செலவை எல்லாருக்கும் தெரியப்படுத்தினால் சிறு விவசாயி தானே முடிவெடுப்பார்.

2025ஆம் ஆண்டுக்குள் நாடு முழுவதும் 10,000 பொதுச் சார்ஜர்கள் என்பது அரசின் இலக்காக இருந்தது. அந்த ஆண்டின் முற்பகுதியில் எண்ணிக்கை ஏறக்குறைய 4,000தான். அதிலும் பெரும்பகுதி நகரங்களில். மலைச்சாலைகளில் சார்ஜர்கள் பெருகும்வரை தொலைதூரப் பயணி திட்டமிட்டுத்தான் போக வேண்டும்.

மின்சாரக் காரில் மலைக்குப் போகிறவர்களுக்கு

சொந்தமாக மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் பள்ளி விடுமுறைக்குக் கேமரன் போகத் தயங்க வேண்டியதில்லை. தங்கப்போகும் விடுதியில் சார்ஜ் வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தாப்பாவையோ சிம்பாங் பூலாயையோ விட்டு ஏறும்போது பாதிக்கு மேல் பேட்டரி இருக்கட்டும். விடுமுறை நாட்களில் மலைச்சாலையில் நெரிசல் மணிக்கணக்கில் நீளும். நின்றுகொண்டிருக்கும்போது மோட்டாருக்குச் செலவில்லை, குளிர்சாதனத்துக்குத்தான் கொஞ்சம் செலவாகும். திரும்பும்போது பேட்டரியை முழுமையாக நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்ற முடியாதல்லவா? அதுபோல, நிறைந்த பேட்டரி இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தை ஏற்காது. அப்போது மோட்டார் தரும் பிரேக் பலமும் குறையும். 85 அல்லது 90 விழுக்காட்டில் நிறுத்துவது நல்லது. கனமான வண்டி என்பதால் டயர்களையும் சாதாரணப் பிரேக்கையும் புறப்படுமுன் பார்த்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் நாள் கணக்கில் காட்டுக்குள் போகிறவர்கள் மட்டும் இப்போதைக்கு டீசலை விட வேண்டாம். பேட்டரியின் எடை குறைந்து, சார்ஜர் மலையடிவாரம் வரை வந்தபின் அதைப் பற்றி யோசிக்கலாம். தோட்டத்து மண்பாதையில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அவர்கள் இன்றே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.